மலைத்தட வரைபடம் போடுவோர் கவனத்துக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு நடைபயண வரைபடம் தயாரிப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் 43ஆம் மண்டலம் அங்கே முடிந்து 44 தொடங்குகிறது. ஒகேனக்கல், பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை ஆகியவை 43இல். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் 44இல். கோட்டின் மேலுள்ள ஓரிடத்துக்குக் கிழக்கு மதிப்பு (கிழக்கு-மேற்குத் திசையில் இடத்தைக் காட்டும் எண்) 43இல் ஏறக்குறைய 8,26,000 மீட்டர், 44இல் 1,74,000. மண்டல எண் எழுதாமல் குறித்துவந்த புள்ளி, கணினியில் ஏற்றும்போது அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கடலில் போய் விழும். களத்தில் அட்ச, தீர்க்க ரேகையாகவே (ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில்) குறியுங்கள். தாள் முழுவதற்கும் ஒரே மண்டலம். அதன் எண்ணை ஓரத்தில் அச்சிடுங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) வழக்கமாக 20 மீட்டர் உயர இடைவெளியில் வரும். 15 மீட்டர் செங்குத்துப் பாறை அந்த இடைவெளியில் காணாமல் போகலாம். நம் கரடுகளில் ஆபத்தே அதுதான். ஆகவே 1:25,000 அளவில் வரைந்து, பாறைச் சரிவுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உயரம் சொல்லும் இலவசத் தரவிலிருந்து 5 மீட்டர் இடைவெளியில் கோடு இழுப்பது வெறும் அலங்காரம். அடர்ந்த காட்டில் அந்தத் தரவு தரையைவிட மரத்தலைகளையே அதிகம் காட்டும்.

செயற்கைக்கோள் படத்தில் பளிச்சென்று தெரியும் தடத்தை அப்படியே பாதையாக வரைவது மிக மோசமான தவறு. தளி, சவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் அது யானைத் தடமாகவோ மாட்டுத் தடமாகவோ இருக்கலாம். வரைந்துவிட்டால் ஆட்களை யானைக்கு எதிரே அனுப்புகிறோம். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயத்திலும் காப்புக்காடுகளிலும் வனத்துறை அனுமதித்த வழியை மட்டும், அனுமதியோடு நடந்து பார்த்த பிறகே வரையுங்கள். பாறையோரம் ஜிபிஎஸ் கோடு தாவும். போகும்போதும் திரும்பும்போதும் பதிந்து ஒப்பிடுங்கள்.

ஓடை எல்லாவற்றையும் ஒரே நீலக் கோடாகப் போடாதீர்கள். ஏப்ரலிலும் தண்ணீர் நிற்கும் சுனை, ஊற்றுகளுக்குத் தனி அடையாளம் வேண்டும். கொட்டாய்களின் (சிறு குடியிருப்புகளின்) பெயர்களை அங்கே குடியிருப்பவர்களிடமே கேளுங்கள். ஓசூர்ப் பக்கம் ஒரே குன்றுக்குத் தமிழில் ஒரு பெயரும் கன்னடத்திலோ தெலுங்கிலோ இன்னொரு பெயரும் இருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். வழி கேட்கும்போது உதவும்.

ஏ3 தாளில் 1:25,000 அளவில் சுமார் 7 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் அடங்கும். அச்சகத்தில் ‘தாளுக்குப் பொருத்து’ என்று அடித்தால் படம் சுருங்கி அளவு தவறிவிடும். 100 சதவீதத்தில் அடிக்கச் சொல்லி, முதல் பிரதியிலேயே ஸ்கேல் வைத்து ஒரு கிலோமீட்டர் கோடு 4 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.