பயோமைத் திணை என்பது சரியா?

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளில் இப்போதெல்லாம் ஓர் அட்டை தவறாமல் இருக்கிறது. உலகப் படத்தில் சகாராவின் மேல் ‘பாலைத் திணை’, மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் புல்நிலமாகிய ஆப்பிரிக்கச் சவானாவின் மேல் ‘முல்லைத் திணை’, இமயத்தின் மேல் ‘குறிஞ்சித் திணை’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். ஒத்த தட்பவெப்பத்தில் ஒரே உருவத் தாவரங்களும் அவற்றை அண்டிய உயிர்களும் வாழும் பெரும் பரப்பைச் சூழலியலில் பயோம் (biome) என்பார்கள். அதற்குத் தமிழ் திணைதான் என்று மேடையிலும் சொல்கிறார்கள். வடதுருவத்தை ஒட்டிய உறைநிலமாகிய டன்ட்ரா எந்தத் திணை என்று ஒரு பிள்ளை கேட்டால் ‘பனித் திணை’ என்று புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்துவிடுகிறார்கள். தொல்காப்பியத்துக்கும் இது நியாயமில்லை, சூழலியலுக்கும் நியாயமில்லை.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்றால் உயிர், வாழ்வு. ‘ஓம்’ என்பது திரள் என்று பொருள்படும் ஈறு. அமெரிக்கத் தாவரச் சூழலியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் இதை முன்வைத்தார். ஓரிடத்துத் தாவரமும் விலங்கும் சேர்ந்த உயிர்ச் சமுதாயம் என்பதே அன்று அவர் கொண்ட பொருள். பின்னர் அது விரிந்தது. வெப்பமும் மழையும் ஒத்திருக்கும் இடங்களில், கண்டம் எதுவானாலும், தாவரங்கள் ஒரே உருவத்தை எடுக்கின்றன. அந்த உருவமும் அதை அண்டிய உயிர்களும் சேர்ந்ததே இன்று பயோம். கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனை, தென்மேற்கு ஆஸ்திரேலியா, மத்தியதரைக் கடற்கரை ஆகிய ஐந்து இடங்களிலும் கோடை வறளும், மழை குளிர்காலத்தில் பெய்யும். செடி இனங்கள் வேறு வேறு. ஆனால் எங்கும் தடித்த சிற்றிலை கொண்ட, வறட்சி தாங்கும் புதர்க்காடு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிலங்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்வதுதான் இந்தக் கருத்தின் உயிர்நாடி.

திணையில் இது இல்லை. முதல், கரு (அந்தந்த நிலத்தின் தெய்வம், விலங்கு, மரம், தொழில் போன்றவை), உரி என்று தொல்காப்பியம் மூன்று வைக்கிறது. நிலம் முதற்பொருளில் பாதிதான், மற்றப் பாதி பொழுது. உரிப்பொருளாகிய புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் இல்லாமல் அகத்திணை ஏது? ஏழு திணைகளில் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் நிலமே கிடையாது. பாலைக்கும் தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை ஆகும் என்பது சிலப்பதிகாரம். மழை பெய்தால் மீண்டும் முல்லையாகிவிடும் நிலத்தின் பெயரைச் சகாராவுக்கு எப்படிக் கொடுப்பது?

நம் மாவட்டத்தையே பாருங்கள். ஜவ்வாது மலை குறிஞ்சி. அடிவாரத்துக் கொல்லையும் மேய்ச்சல் காடும் முல்லை. பாலாற்றங்கரைக் கழனி மருதம். சித்திரை வெயிலில் கானாறு காய்ந்து கிடக்கும்போது அந்த முல்லையே பாலை. இத்தனை திணைகளும் அடங்கிய இந்த நிலம் பெரும்பாலும் வெப்பமண்டல உலர்காடு என்னும் ஒரே பயோமுக்குள் வந்துவிடும். மேற்கு மடகாஸ்கரும் மெக்சிகோவின் மேற்குக் கரையும்கூட அதே வகையில் சேரும். மருதமோ மனிதர் உழுது உண்டாக்கியது. இயற்கைத் தாவரத்தை வைத்துப் பிரிக்கும் கணக்கில் அதற்குத் தனி இடமில்லை. நீருக்குள் போனால் சிக்கல் இன்னும் பெரிது. நெய்தல் கடற்கரை மக்களின் நிலம். பவளத்திட்டை, ஆழ்கடலை, 1977-இல் கலாபகசுத் தீவுகளுக்கு அருகே கடலடியில் கண்டுபிடித்த வெந்நீர் ஊற்றுகளை எல்லாம் அதற்குள் திணிக்க முடியுமா? அந்த ஊற்றுகளில் சூரிய ஒளி எட்டாமலே உயிர்கள் வாழ்கின்றன.

திணை நம்முடையது, பழையது, அதனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நினைப்புதான் இங்கே வேலை செய்கிறது. எனக்கும் தனித்தமிழ் வேண்டும். ஆனால் பழைய சொல்லின் பொருளைக் கொன்று அதன் கூட்டை மட்டும் எடுத்துக்கொள்வதைத் தமிழ்ப் பற்று என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பாடங்களில் வரும் ‘பல்லுயிர்த் தொகுதி’யும் குழப்புகிறது. பல்லுயிர் என்றாலே உயிர்வகைப் பெருக்கம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. டன்ட்ராவில் மரமில்லை; பாசியும் கற்பாசியும் குட்டைச் செடிகளும்தான், விலங்கினங்களும் குறைவு. உலகின் மிகப் பெரிய நிலப் பயோமாகிய டைகாவில் ஒரு சில ஊசியிலை மர இனங்களே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கும். இவற்றைப் ‘பல்லுயிர்’ என்று படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? ‘உயிர் மண்டலம்’ என்போரும் உண்டு. சூரிய மண்டலம், நரம்பு மண்டலம், சூழல் மண்டலம் என்று எதற்கும் மண்டலம் போடும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே பத்தியில் அதை மூன்று பொருளில் எழுதுகிறார்கள்.

நான் ‘உயிர்ப்புலம்’ என்று எழுதுகிறேன். மேட்டு நிலத்தை வன்புலம் என்றும் நீர்வளமுள்ள நிலத்தை மென்புலம் என்றும் சங்கப் பாட்டு பிரிக்கிறது. நிலத்தின் தன்மையைச் சொல்லப் புலம் அன்றே பயன்பட்டிருக்கிறது. தென்புலம், வடபுலம் என்னும்போது நிலம் நீர் என்ற வேறுபாடின்றிப் பரப்பையும் குறிக்கிறது. ஆகவே நன்னீர் உயிர்ப்புலம், கடல் உயிர்ப்புலம் என்பவையும் உறுத்தாது. இயற்பியலார் காந்தப்புலம் என்கிறார்களே என்று கேட்கலாம். அங்கும் அது ஒரு பரப்பில் விரவி நிற்பதையே குறிக்கிறது. முன்னால் ‘உயிர்’ நிற்கும்போது மயக்கம் வராது.

டன்ட்ரா, டைகா, சவானா ஆகியவற்றை அப்படியே விடலாம். அவையும் அந்தந்த மண்ணின் மக்கள் தம் நிலத்துக்கு வைத்த பெயர்களிலிருந்து வந்தவை. சவானாவை வெறும் ‘புல்வெளி’ ஆக்கியதால், மரம் அடர்ந்திராத நிலமெல்லாம் தரிசு என்ற எண்ணம் நம் ஊரிலும் வலுத்திருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கில் குழி தோண்டி மரக்கன்று நட்டுவிட்டுக் காட்டை மீட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே புல்லை நம்பி இருந்த கௌதாரிக்கும் முயலுக்கும் போக்கிடமில்லை.