இருட்டில் சிவக்கும் டிஸ்க்: லெ மானில் பிரேக் படும் பாடு

லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே ராத்திரிக்கு வந்துவிடும். யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். பிரான்ஸில் லெ மான் ஊரை ஒட்டி ஓடும் 13.626 கிலோமீட்டர் தடம் அது. பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் காரும் போகிற சாதாரணப் பொதுச் சாலை. முல்சான் திருப்பத்திலோ அர்னாஜ் திருப்பத்திலோ வேலியோரம் நிற்பவர்களுக்கு இரவில் முதலில் ஹெட்லைட் மட்டும் தெரியும். வண்டி திருப்பத்தை நெருங்கி வேகத்தைக் குறைக்கும் அந்த மூன்று நான்கு நொடிகளில், முன் சக்கரங்களுக்குள் ஆளுக்கொரு வளையம் மங்கிய சிவப்பில் தொடங்கி ஆரஞ்சு வரை போகும். ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அணையத் தொடங்கிவிடும்.

பார்க்க அழகுதான். ஆனால் இந்தப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, எஞ்சினைவிட அந்த வளையத்தையே, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கையே கவனிக்கச் சொல்வேன். எஞ்சினைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பிரேக்கை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இன்றைய ஹைப்பர்கார் பிரிவு (லெ மானின் உச்சப் பிரிவு) வண்டியின் குறைந்தபட்ச எடை 1,030 கிலோ. ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்து 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முல்சான் திருப்பத்துக்கு அது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. திரும்ப வேண்டுமென்றால் 100-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிப் பாடம். அதன்படி இங்கே கழற்றிவிட வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 44 லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் 1.2 யூனிட், வீட்டில் ஒரு சீலிங் ஃபேன் சுமார் 16 மணி நேரம் சுற்றுவதற்குத் தேவையானது. அது நான்கு நொடிக்குள் வண்டியை விட்டு வெளியேற வேண்டும். அப்படியானால் சராசரித் திறன் 1,100 கிலோவாட். எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து தருவது சுமார் 500 கிலோவாட்தான். வண்டியை ஓட வைக்கும் சக்தியைவிட நிறுத்தும் சக்தி இரண்டு மடங்குக்கு மேல்!

இதில் ஒரு பங்கைக் காற்றின் தடை எடுத்துக்கொள்ளும். ஃபெராரி, டொயோட்டா, பெஜோ போன்ற வண்டிகளில் முன் அச்சில் ஒரு மின் மோட்டார் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அதுவே ஜெனரேட்டராக மாறி அதிகபட்சம் 200 கிலோவாட் வரை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மிச்சமெல்லாம் டிஸ்க்கின் தலையில்தான் விழும். பேட்டரி நிரம்பிவிட்டால் அந்த 200-ம் சேர்ந்து டிஸ்க்குக்கு வரும். ஆனால் ஓட்டுநரின் காலுக்கு இந்த மாற்றம் தெரியக்கூடாது. ஒரே அழுத்தத்துக்கு ஒரே அளவு வேகம் குறைய வேண்டும். எவ்வளவு மோட்டாருக்கு, எவ்வளவு டிஸ்க்குக்கு என்று நொடிக்கு நொடி பங்கு பிரிக்கும் வேலையைக் கணினி செய்கிறது.

இப்போது அந்தச் சிவப்புக்கு வருவோம். எந்தத் திடப்பொருளையும் சூடாக்கிக்கொண்டே போனால் சுமார் 525 டிகிரி செல்சியஸில் இருட்டில் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிவிட ஆரம்பிக்கும். 1847-இல் விஞ்ஞானி ஜான் வில்லியம் டிரேப்பர் இதை அளந்து சொன்னார். இரும்பானாலும் கரியானாலும் கிட்டத்தட்ட இதே வெப்பநிலைதான். மேலே போகப் போக நிறம் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும். ஆக, வேலியோரம் நிற்கும் ரசிகர் கண்ணாலேயே ஒரு வெப்பமானியைப் படிக்கிறார். கருஞ்சிவப்பு என்றால் ஐந்நூறு அறுநூறு. பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் தொள்ளாயிரத்துக்கு அருகில். பகலிலும் டிஸ்க் இதே அளவு சூடாகத்தான் இருக்கும். வெயிலில் நம் கண்ணுக்கு எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒளி வெறும் அறிகுறி மட்டுமல்ல, டிஸ்க் குளிரும் வழிகளில் ஒன்றும்கூட. ஒரு பொருள் கதிர்வீச்சாக வெளியேற்றும் வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கிடைப்பது) நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 327 டிகிரியில் இருக்கும் டிஸ்க் 927 டிகிரிக்குப் போனால் தனி வெப்பநிலை இரண்டு மடங்குதான் ஆகிறது; கதிர்வீச்சோ 16 மடங்காகிறது. அதிகமாகச் சூடாகும்போது அதிக வேகத்தில் ஆறும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது: டிஸ்க்கின் விளிம்பில் வரிசை வரிசையாகத் துளைகள் போட்டு, வண்டியின் முன்பக்கத்திலிருந்து குழாய் வைத்துக் காற்றை அதற்குள் செலுத்துகிறார்கள்.

இரும்பு டிஸ்க்கை இந்தச் சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் கோணிக்கொள்ளும், விரிசல் விடும். அதனால் ஹைப்பர்காரில் இருப்பது கார்பன்: கார்பன் இழைகளைப் பின்னி, அவற்றின் இடைவெளிகளையும் கார்பனாலேயே நிரப்பிய தட்டு. சுமார் ஆயிரம் டிகிரி உலையில் மீத்தேன் போன்ற வாயுவைச் செலுத்தினால் அது சிதைந்து, கார்பன் மட்டும் இழைகளின் மேல் துளித்துளியாகப் படியும். அவசரப்படுத்த முடியாது, ஒரு தட்டு தயாராக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். முதலில் இது விமானங்களுக்காக வந்தது. கான்கார்டு விமானத்தில் இருந்தவை கார்பன் பிரேக்குகள்தான்.

கார்பனுக்கும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது கரி. கரி எரியும். ஐந்நூறு டிகிரியைத் தாண்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் டிஸ்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கார்பன் டை ஆக்சைடாக்கிவிடும். டிஸ்க் பளபளக்கும் ஒவ்வொரு தடவையும் உண்மையிலேயே கொஞ்சம் எரிந்துபோகிறது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடின் உராய்வால் தேய்வது தனி. ஃபார்முலா 1 டிஸ்க் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கினால் போதும். லெ மானில் 24 மணி நேரம். நல்ல வானிலையில் முன்னூற்றைம்பது சுற்றுக்கு மேல். சுற்றுக்கு ஆறு இடத்திலாவது பலமாக மிதிக்க வேண்டும். மொத்தம் இரண்டாயிரம் தடவையைத் தாண்டிவிடும். எனவே டிஸ்க்கைத் தடிமனாகச் செய்கிறார்கள், எந்த மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கும் என்று முன்கூட்டியே கணக்கு வைக்கிறார்கள்.

இரண்டாவது குறைதான் ராத்திரியில் ஆளைக் கவிழ்க்கும். கார்பன் ஆறிப்போனால் பிடிக்காது. இருநூறு முந்நூறு டிகிரிக்குக் கீழே உராய்வு சரசரவென்று இறங்கிவிடும். அதிகக் காற்று விட்டால் ஆறிப்போகும், குறைத்தால் எரிந்துபோகும். பகல் வெயிலுக்குச் சரியாக வைத்த காற்றுக்குழாய், விடியற்காலைக் குளிரில் அதிகமாகிவிடும். காற்றுக்குழாயைப் பெரிதாக்கினால் காற்றுத் தடையும் கூடும். நீண்ட நேர்ச்சாலைகளில் அது வேகத்தைத் தின்னும்.

2024 பந்தயத்தில் இரவு மழை கொட்டியதால் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக வண்டிகள், ஆபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக வழிநடத்தும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்தன. டிவியில் பார்த்தவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். ஓட்டுநர்களுக்கு அந்த வசதி இல்லை. மெதுவாகப் போனால் டயரும் ஆறும், டிஸ்க்கும் ஆறும். அதனால் ஒரு காலால் ஆக்ஸிலரேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் சேர்த்து மிதித்து, வேண்டுமென்றே உரசவிட்டுச் சூட்டைத் தக்கவைப்பார்கள். சேஃப்டி கார் விலகிய பிறகு வரும் முதல் சுற்றில் முல்சானில் டிஸ்க் கறுப்பாகவே இருக்கும் ஒரு வண்டி நேராகப் பக்கத்துச் சாலைக்குள் ஓடினால், ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவு தூரம் வந்ததற்கு 1950-கள் காரணம். அதுவரை டிரம் பிரேக்தான். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டை வெளிப்பக்கமாக அழுத்தும். சூடேறினால் டிரம் விரியும், அதாவது ஷூவை விட்டு விலகிப் போகும். எட்டிப்பிடிக்கப் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். டிஸ்க்கில் கதை தலைகீழ்: தட்டு சூடேறிப் பருத்தால் பேடை நோக்கித்தான் வரும். அதோடு தட்டு காற்றில் திறந்து கிடக்கிறது. 1953-இல் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப், டன்லப் டிஸ்க் பிரேக்குடன் லெ மானில் ஜெயித்தது. வெற்றி பெற்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியதும் அப்போதுதான் முதல் தடவை. எஞ்சின் திடீரென்று பெரிதாகிவிடவில்லை. நேர்ச்சாலையின் கடைசி வரை தள்ளிப்போய், அப்புறம் பிரேக் பிடிக்க முடிந்தது.

மெர்சிடிஸ் வேறு வழி தேடியது. 1955-இல் அவர்களுடைய 300 எஸ்.எல்.ஆர். வண்டிகளில் டிரம்தான், உதவிக்கு, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எழும்பி நிற்கும் ஒரு பெரிய தகடு, காற்றுத் தடைக்காக. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்த ஆண்டைப் பற்றி யாரும் அந்தத் தகட்டுக்காகப் பேசுவதில்லை. ஒரு ஜாகுவார் பிட்டுக்கு (வண்டியை நிறுத்தி எரிபொருள் நிரப்பும், பழுது பார்க்கும் இடம்) திரும்ப பிரேக் பிடித்தது, பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி விலகியது, அதன்மேல் பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் மோதிக் கூட்டத்துக்குள் சிதறியது. லெவேயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். அன்றைய தடத்தில் பிட்டையும் பந்தயச் சாலையையும் பிரிக்க ஒரு சுவர்கூட இல்லை. வேகம் குறைக்கும் வண்டியும் முழு வேகத்தில் வரும் வண்டியும் ஒரே பாதையில் இருந்தன.

இதே லெவே 1952-இல் மாற்று ஓட்டுநருக்கு இடம் கொடுக்காமல் கிட்டத்தட்ட 23 மணி நேரம் தனியாக ஓட்டி, முன்னணியில் இருக்கும்போதே எஞ்சின் உடைந்து நின்றவர். களைப்பில் கியரைத் தவறாகப் போட்டதுதான் காரணம் என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது விதி அதற்கு இடம் தருவதில்லை: ஆறு மணி நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓட்டக்கூடாது, மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வண்டிக்கு மூன்று பேர். நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் 2012-இல் இப்படி மூவரில் ஒருவராக ஓட்டி, அவருடைய வண்டி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. 2009-இல் நரேன் கார்த்திகேயனுக்கும் ஒரு ஆடி வண்டியில் இடம் இருந்தது. பந்தயத்துக்குச் சற்று முன் தோளில் அடிபட்டு ஓட்ட முடியாமல் போனது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு இந்த வகைப் பந்தயம் நம் ஊரில் டீக்கடைப் பேச்சாகிவிட்டது. அதில் சேர்ந்தவர்கள் ஜூன் மாதச் சனிக்கிழமை லெ மானையும் பார்க்கலாம். அங்கே மாலை 4 மணித் தொடக்கம் நமக்கு இரவு 7.30, அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, நமக்கு விடியற்காலை 5.30.

பார்க்கும்போது ஜிடி3 வண்டிகளையும் கவனியுங்கள். இவை ஷோரூமில் விற்கும் கார்களிலிருந்து உருவானவை; டிஸ்க் இரும்பு. பல அணிகள் பந்தயத்தின் பாதியில் பிட்டில் நிறுத்தி, டிஸ்க்கையும் பேடையும் புதிதாக மாட்டிவிட்டு அனுப்புவார்கள். ஹைப்பர்கார் சுற்றுக்குச் சுமார் மூன்றரை நிமிடம், ஜிடி3 சுமார் நான்கு நிமிடம். முப்பது வினாடி வித்தியாசம் என்றால் எட்டுச் சுற்றுக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஜிடி3-யையும் முந்த வேண்டும். இருபத்துச் சொச்சம் ஜிடி3 ஓடினால் சுற்றுக்கு மூன்று. முந்தும் ஒவ்வொரு தடவையும் வழக்கமான கோட்டை விட்டு விலகி, அழுக்குப் படிந்த பக்கத்தில், வழக்கமில்லாத இடத்தில் பிரேக் பிடிக்க நேரும். சூட்டுக் கணக்கு அங்கேதான் தப்பும்.

சரி, பிரேக் தாங்கிவிட்டால் வண்டி வந்து சேர்ந்துவிடுமா? ஒரு வண்டியில் தவிர்க்க முடியாத பாகங்கள் ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 24 மணி நேரம் தாங்கும் வாய்ப்பு 99.9 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரமும் சேர்ந்து தாங்கும் வாய்ப்பு வெறும் 37 சதவீதம். 2016-ஐ ரசிகர்கள் மறக்காமல் இருப்பது இந்தக் கணக்கால்தான். கசுகி நக்காஜிமா ஓட்டிய டொயோட்டா முன்னணியில் இருந்தது. மிச்சம் மூன்று நிமிடச் சொச்சம்தான். பிரேக் நன்றாக இருந்தது, டயர் நன்றாக இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையே போகும் காற்றுக் குழாய் இணைப்பு ஒன்று கைவிட்டது; எஞ்சினின் இழுவை போய்விட்டது. வண்டி பிட்டுக்கு எதிரே தடத்திலேயே நின்றது, பின்னால் வந்த போர்ஷே கடந்துபோய் ஜெயித்தது. நக்காஜிமா எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசிச் சுற்றை முடித்தார். ஆனால் அதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. கடைசிச் சுற்றை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 24 மணி நேரமும் ஓடிய வண்டிக்கு முடிவுப் பட்டியலில் இடமே இல்லை.

டொயோட்டா 2018-இல் முதல் தடவையாக ஜெயித்தது. அந்த வண்டியைக் கடைசிச் சுற்றில் கோட்டைத் தாண்டி ஓட்டிவந்தவர் நக்காஜிமா.