கார் நின்ற இடத்தில் கட்டில் போடும் முன்

"சார், அம்மாவால மாடி ஏற முடியல. கீழ கார் ஷெட் சும்மாதான் கிடக்கு. அதை ஒரு ரூமா மாத்தணும். எவ்வளவு ஆகும்?"

மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிப் போன் செய்கிறார்கள். தென்சென்னையில் தனி வீடுகள் கட்டிக் கொடுப்பதும் பழைய வீடுகளைச் சீர் செய்வதும் என் தொழில். கேட்பவர்களின் தேவை முழுக்க நியாயமானது. முப்பது வருடத்துக்கு முன்னால் படுக்கையறைகளை மாடியில் வைத்துக் கட்டியவர்களுக்கு இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. காரை விற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூரில். மேஸ்திரியைக் கூப்பிட்டால், "மூணு பக்கம் செவரு இருக்கு, முன்னாடி ஒண்ணு எழுப்பி டைல்ஸ் ஒட்டினா முடிஞ்சுது. பத்து நாள் வேலை" என்று சொல்லிவிடுவார். அந்தப் பத்து நாள் வேலையை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. கணவன், மனைவி இருவருமே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கார் ஷெட்டை அறையாக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அறையில் வாடை அடிக்கிறது என்று மகன் வெளிநாட்டிலிருந்து பேசி என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நுழைந்ததுமே அழுகிய முட்டை வாடை. அந்த அம்மாவோ, "முன்னெல்லாம் ரொம்ப இருந்துச்சு, இப்ப எனக்கு அவ்வளவா தெரியல சார்" என்றார். அந்தப் பதில்தான் என்னைப் பதற வைத்தது. செப்டிக் டேங்கிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரத்துப் போகச் செய்யும் வாயு. வாடை தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று ஆகிவிடாது. கூடவே வரும் மீத்தேனுக்கு வாடையே கிடையாது, தீப்பிடிக்கவும் செய்யும்.

வீட்டின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தோம். செப்டிக் டேங்க் கார் ஷெட்டுக்கு அடியில் இருந்தது. கட்டிலை நகர்த்தி டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் ஓர் இடத்தில் மட்டும் டொக் டொக்கென்று வெற்று ஓசை. உடைத்தோம். மூடியின் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். டேங்கின் காற்றுப் போக்கி குழாய் புதுச் சுவர் எழுப்பக் குறுக்கே நின்றதால் அதை அறுத்து, முனையில் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். மேலே போக வழியில்லாத வாயு தரையின் இடுக்கு வழியாக அந்த அம்மாவின் தலைமாட்டில் வந்துகொண்டிருந்தது. அன்று இரவே இருவரையும் முன் ஹாலுக்கு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இது அரிதான சங்கதி இல்லை. முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டும்போது சம்ப், செப்டிக் டேங்க், மோட்டார், ஈ.பி. மீட்டர் எல்லாவற்றுக்கும் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே காலி இடம் கார் ஷெட்தான். அங்கே யாரும் தூங்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் வைக்கிறோம். ஆகவே முதல் வேலை, தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. செப்டிக் டேங்க் இருந்தால் அந்த இடத்தில் படுக்கையறை வேண்டாம். 'மூடியை நன்றாக சீல் செய்துவிடலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டேங்கைச் சுத்தம் செய்ய லாரி வரும் நாளில் குழாயை எங்கே விடுவார்கள்?

அடுத்தது மட்டம். 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் பேஸ்மட்டம், அதாவது உள்தரை நிற்கும் மட்டம், சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்கு 15 செ.மீ. போதும். இடையில் ஓர் அடி வித்தியாசம். கார் ஏறி இறங்க வேண்டும், கழுவிய தண்ணீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டை நோக்கி வாட்டமும் கொடுத்திருப்போம். அதாவது தண்ணீர் வந்தால் பரவாயில்லை என்று கட்டிய இடம் அது. நம் ஊரில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, கட்டிய நாளில் தெருவைவிட அரை அடி உயரத்தில் இருந்த கார் ஷெட் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் முதலில் புகுந்தது கார் நிற்கும் இடங்களில்தான். நடு ராத்திரி தண்ணீர் ஏறினால் மூட்டு வலிக்காரர் ஒருவர் கட்டிலிலிருந்து எழுந்து எந்தப் பக்கம் போவார் என்று யோசித்துப் பாருங்கள்.

தரையை ஓர் அடி உயர்த்திவிடலாமே என்பார்கள். உயர்த்தலாம், மேலே உயரம் இருந்தால். படுக்கையறைக்குத் தரையிலிருந்து கூரை வரை குறைந்தது 2.75 மீட்டர், ஏறக்குறைய ஒன்பது அடி வேண்டும். பல கார் ஷெட்டுகளில் மொத்த உயரமே ஒன்பதரை அடி. ஓர் அடி தரை உயர்த்தினால் மிஞ்சுவது எட்டரை. அதிலும் ஊடே பீம் வந்தால் இன்னும் தாழும். ஏப்ரல், மே மாதத்தில் மேற்கு பார்த்த அப்படி ஓர் அறையில் வயதானவர்களைப் படுக்க வைக்க எனக்கு மனம் வராது.

உயரம் போதும், அடியில் டேங்க் இல்லை என்றால் ஓதத்தை, அதாவது மண்ணிலிருந்து தரைக்கு ஏறும் ஈரத்தை, சோதித்துவிடுங்கள். வீட்டுச் சுவர்களுக்குப் பேஸ்மட்டத்தில் டி.பி.சி. என்ற ஓதம் தடுக்கும் அடுக்கு போட்டிருப்போம், கார் ஷெட் தரைக்கு அப்படி எதுவும் போடுவது வழக்கமில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கனமான பிளாஸ்டிக் கண்ணாடித் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப் போட்டுத் தரையோடு இடைவெளியின்றி ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தால் தரை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அந்தத் தரைமேல் நேராக டைல்ஸ் ஒட்டினால் இடுக்குகளில் உப்புப் பூக்கும், சுவரின் கீழ் இரண்டடிக்குப் பெயின்ட் பொரிந்து உதிரும், அலமாரித் துணியில் பூஞ்சை வாடை ஏறும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. பழைய தரையை எடுத்துவிட்டு, மண்ணை இடித்து இறுக்கி, கனமான பாலித்தீன் விரித்து, மேலே புதுக் கான்கிரீட் போடுவதுதான் முறை. பத்து நாளில் முடிகிற வேலை இல்லை.

அடுக்குமாடிகளின் ஸ்டில்ட் தளத்தில், அதாவது கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுத் திறந்து வைத்த கீழ்த்தளத்தில், அறை கேட்பவர்களுக்கு நான் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் பூஜ் அருகே வந்த நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில்கூடத் தூண்மேல் நின்ற பல கட்டடங்கள் கீழ்த்தளம் நொறுங்கி உட்கார்ந்தன. அடுத்த வருடம் திருத்திய இந்தியத் தரநிலை சென்னையை நிலநடுக்க அபாயத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. ஸ்டில்ட்டில் ஒரு மூலையில் மட்டும் செங்கல் சுவர் எழுப்பினால், அதிர்வின்போது அந்தப் பக்கம் விறைத்து நிற்க மறுபக்கம் வளையும். கட்டடமே முறுக்கிக்கொள்ளும். தூண்களுக்கு இடையே பாதி உயரத்துக்குச் சுவர், மேலே கிரில் என்று வைப்பது இன்னும் மோசம். அதிரும்போது தூண் அந்த மேல்பாதியில் வெடித்துவிடும். தவிர, அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான இடம். தனி வீடானாலும் அனுமதி பெற்ற வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டிய இடத்தை அறையாக அடைப்பது விதி மீறலாகலாம். திருத்திய அனுமதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழிவறை இல்லாமல் பெரியவர்களுக்கு அறை தருவதில் பொருளில்லை. ஆனால் தாழ்ந்த தரையில் கழிவறை வைத்தால் மழைக்காலத்தில் தெருச் சாக்கடை நிரம்பி அதன் வழியே திரும்பி வரும். வெளிப்போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அதையும் பெட்ரோல் வண்டியையும் அந்த அறையிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

மடிப்பாக்கம் வீட்டில் இடத்தை மாற்றிப் போட்டோம். முன் ஹால் ஏற்கெனவே சரியான மட்டத்தில், நல்ல உயரத்தில், இரண்டு ஜன்னலோடு இருந்தது. அதை இருவருக்கும் படுக்கையறை ஆக்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கழிவறையை அகலப்படுத்திக் கைப்பிடிகள் வைத்தோம். கார் ஷெட்டின் முன்சுவரை இடித்துக் கிரில் மட்டும் விட்டோம். காற்றுப் போக்கி குழாய் மறுபடி மொட்டைமாடிக்கு மேலே போனது. இப்போது அங்கே நாலு நாற்காலி, ஒரு ஊஞ்சல். விருந்தாளிகள் அங்கே உட்கார்கிறார்கள். புதுச் சுவர் எழுப்பி அறையாக்க ஆன செலவைவிட இதற்குக் குறைவாகவே ஆனது. உங்கள் வீட்டிலும் ஹால் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

என்னையோ வேறு எந்தப் பொறியாளரையோ கூப்பிடுவதற்கு முன் டேப் எடுத்து, கார் ஷெட் தரையிலிருந்து பீம் அடிவரை ஓர் அளவும், தெரு மட்டத்திலிருந்து கார் ஷெட் தரை வரை ஓர் அளவும் குறித்து வையுங்கள். கேட் தூணில் பழைய வெள்ளக் கறை இருந்தால் அதன் உயரத்தையும். செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று தெரியாவிட்டால், வீடு கட்டிய மேஸ்திரியைத் தேடிப் பிடித்து முதலில் அதைக் கேளுங்கள்.