ரப்பர் புஷ்ஷின் நேர்நிலை: அவுடி ஏ4 சஸ்பென்ஷனை நாமே பிரிக்கலாமா?

1994-இன் இறுதியில் உற்பத்திக்கு வந்த முதல் தலைமுறை அவுடி ஏ4 காரில், முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கைகள், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் உலோகத் தண்டுகள், பிடித்து நிற்கின்றன. பல கார்களில் கீழே ஒரே கை இருக்கும்போது இங்கே நான்கு எதற்கு? ஒரே மட்டத்தில் உள்ள இரு கைகளின் கோடுகளையும் நீட்டினால் அவை வெளிப்பக்கம் சந்திக்கும் புள்ளியைச் சுற்றியே சக்கரம் திரும்புகிறது. உலோகமே இல்லாத அந்தப் புள்ளியைச் சக்கரத்தின் நடுவுக்கு அருகே கொண்டுவர முடிவதால், எஞ்சினின் இழுவை ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டுவதில்லை. இந்தச் சுகத்துக்காக இரு பக்கமும் சேர்த்து எட்டுக் கைகளும், அவற்றின் வெளிமுனையில் உருண்டை மூட்டாக இருக்கும் எட்டு பால் ஜாயின்ட்களும் தேய்கின்றன. ஜெர்மனியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனையில் அவற்றில் ஒன்று ஆடுவது தெரிந்தால், தானே மாற்றுவதா, ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டுவதா என்ற கேள்வி உரிமையாளர் முன் வந்து நிற்கிறது. என் பார்வையில், இதற்கான விடை, கைகளை வண்டியோடு பிணைக்கும் ரப்பர் புஷ் வேலை செய்யும் விதத்தில்தான் இருக்கிறது.

கையின் உள்முனையில் இருக்கும் புஷ்ஷை, சுழலும் பேரிங் என்றே பலரும் நினைக்கிறார்கள். பழைய புஷ் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெளியே ஓர் உலோக வளையம், நடுவே ஓர் உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையில் இரண்டோடும் பிரியாமல் ஒட்ட வைக்கப்பட்ட ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் குழாய் வண்டியோடு பிணைந்து அசைவற்றுவிடும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை திரும்புவது முழுக்க முழுக்க ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். அப்படியானால் அது முறுக்கில்லாமல் ஓய்ந்திருக்கும் ஒரு நேர்நிலை இருந்தாக வேண்டும். போல்ட்டை இறுக்கும் கணத்தில் கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த நேர்நிலை.

ஜாக்கியில் தூக்கிய காரின் சக்கரம் கீழே தொங்குகிறது. 30 செ.மீ. நீளமுள்ள கையின் முனை 10 செ.மீ. தொங்கினால், கோணம் ஏறக்குறைய 19 பாகை மாறும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், கார் நிற்கும்போதும் அந்த 19 பாகை முறுக்கு ரப்பரில் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதற்கு மேல் முறுக்கும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய புஷ் சீக்கிரமே விரிசல் விடுவதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே கீழ்க் கைகளின் போல்ட்டுகளை விரலிறுக்கமாக மட்டும் விட்டுவைத்து, சக்கரத்தின் மேல் வண்டியின் எடை வந்த பிறகே, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும். மேல் கைகளை வண்டியில் பூட்டியபின் ரென்ச் எட்டாது என்பதால், அவற்றை வெளியிலேயே அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டில் வைத்து, கையேடு சொல்லும் மில்லிமீட்டர் இடைவெளியை அளந்து இறுக்குகிறார்கள். இந்த அளவீட்டுக்கு வேண்டியது பொறுமைதான். சொந்தக் காருக்கு அதைக் காட்டும் உரிமையாளர், அவசரத்தில் லிஃப்டிலேயே இறுக்கிவிடும் மெக்கானிக்கைவிட நல்ல வேலை செய்துவிடுவார்.

உடல் உழைப்பைச் சோதிப்பது வேறொன்று. மேல் இரு பால் ஜாயின்ட்களையும் சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளோடு கவ்விப் பிடிக்கும் நீண்ட இரும்பு போல்ட், அலுமினிய நக்கிள் உள்ள வண்டிகளில் உப்பு ஈரத்தால் அரித்து, உலோகத்தோடு உலோகமாகப் பிடித்துக்கொள்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் இது அறிந்த தொல்லை. சுத்தியலால் ஓங்கி அடித்தால் போல்ட்டின் முனை காளான் போல் விரிந்து, துளைக்குள் இன்னும் இறுகும். முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊற வைத்து, சூடு காட்டி, தலையை இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்ப்பதே நல்லது.

ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கே விடச் சொல்வேன். ஒரு மி.மீ. அழுத்த 30 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை 15 செ.மீ. அழுத்தினால், அதில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 340 ஜூல். பத்துக் கிலோ எடை மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் மலிவான கம்ப்ரஸர் நழுவினால் அத்தனையும் எதிரே இருப்பவர் மீது பாயும். நல்லவேளையாக இந்தக் காரில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், மேல் பிராக்கெட் மூன்றும் ஒன்றாகவே கழன்று வருவதால், கைகளை மாற்ற ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஷாக் அப்சார்பரையும் மாற்றுவதானால், அந்தத் தொகுப்பைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

லிஃப்ட் வேண்டுமென்றால், ஜெர்மனியில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. ஆனால் வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டுக்குப் போயே ஆக வேண்டும். சக்கரம் வெறும் 10 கலை, அதாவது ஆறில் ஒரு பாகை, கோணல் கொண்டிருந்தாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 2.9 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. அந்தக் கோணலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில மாதங்கள் கழித்து டயரின் உள்விளிம்பை விரலால் தடவும்போது, ரம்பப் பல் போல் நெருடும்.