ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

"அண்ணே, கீழ ஒரு எழுத்து வந்துனே இருக்குது. இன்னா பண்ணாலும் போவ மாட்டேங்குது."

குடியாத்தத்திலிருந்து வந்த கல்லூரிப் பையன். லேப்டாப்பை மேசையில் வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று சாம்பல் நிறத்தில் நிற்கிறதே, அதைச் சொல்கிறான். இந்த விண்டோஸுக்கு லைசன்ஸ் உறுதியாகவில்லை என்று அர்த்தம். வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் எனக்கு இந்த எழுத்து பழகிப்போன விருந்தாளி.

விசாரித்தேன். லேப்டாப் மெதுவாக ஓடுகிறதென்று எங்கேயோ கொடுத்து 500 ரூபாய்க்கு ஃபார்மேட் போட்டிருக்கிறான். சில நாளில் இந்த எழுத்து வந்திருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டபோது, 'ஆக்டிவேட்டர்' என்று ஒரு ஃபைலைக் கொடுத்து, ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்து போனது. ஆனால் பிரவுசரைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்ட ஆரம்பித்தது. பயந்துபோய் அதை அழித்துவிட்டு, ஆன்லைனில் 400 ரூபாய்க்கு ஒரு கீ, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் லைசன்ஸ் நம்பர், வாங்கியிருக்கிறான். மூன்று மாதத்தில் அதுவும் செத்துப்போனது.

"இந்த லேப்டாப்பை எங்க வாங்கினீங்க? பில் இருக்கா?" என்றேன். அப்பாவுக்குப் போன் போட்டான். வாட்ஸ்அப்பில் பில் வந்தது. அதில் மாடல் பெயருக்குப் பக்கத்திலேயே 'விண்டோஸ் 11 ஹோம்' என்று அச்சாகியிருந்தது. அதாவது விண்டோஸுக்கான காசை அவன் அப்பா கடையிலேயே கட்டிவிட்டார். அதற்கு மேல் செலவான ஒவ்வொரு ரூபாயும் தண்டம்.

எப்படி இது நடக்கிறது? 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸுடன் விற்கும் லேப்டாப்களில் அந்த 25 எழுத்துக் கீயை மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்கை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது. அதே எடிஷனை, அதாவது ஹோம், ப்ரோ என்று இருக்கும் விண்டோஸ் வகைகளில் முதலில் இருந்த அதே வகையை, திரும்பப் போட்டு நெட்டைக் கொடுத்தால், அதுவே கீயை எடுத்துக்கொண்டு ஆக்டிவேட் ஆகிவிடும். நாம் எதையும் டைப் அடிக்க வேண்டியதில்லை.

சிக்கல் 'அதே எடிஷன்' என்பதில்தான். நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' இருக்கும். ஃபார்மேட் போடுகிறவர் பென்டிரைவில் இருப்பதோ 'ப்ரோ'. எல்லோருக்கும் அதையே போட்டுவிடுவார். காட்பாடியில் சாதா டிக்கெட் எடுத்துவிட்டு ஏசி பெட்டியில் ஏறிய கதை. டிக்கெட் பொய்யில்லை, பெட்டிதான் வேறு. பையனின் லேப்டாப்பில் ப்ரோவைத் தூக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். நெட் கிடைத்த கொஞ்ச நேரத்தில் தானாக ஆக்டிவேட் ஆனது.

அடுத்த கடைக்காரரைக் குறை சொல்வது சுலபம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நானும் ஒரே சிடி, ஒரே கீயை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போட்டவன்தான். அந்தக் கீ இன்னும் பாதி ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, ஃபார்மேட்டுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. விண்டோஸ் 11-இல், செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். அங்கே எடிஷன் பெயர் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் slmgr /dli என்று அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் ஓ.ஈ.எம். (OEM, மெஷினைத் தயாரித்த கம்பெனியே போட்டுக் கொடுத்தது) என்றிருந்தால் லைசன்ஸ் அந்த மெஷினோடு ஒட்டியது. ரீடெய்ல் என்றால் பழைய மெஷினில் எடுத்துவிட்டு வேறு மெஷினுக்குக் கொண்டுபோகலாம். வால்யூம் என்றால் அது ஏதோ ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய லைசன்ஸ், உங்களுடையது அல்ல.

இந்த மூன்றாவது வகையில் ஏமாறுகிறவர்கள் இங்கே அதிகம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆபீஸ்களில் கழிக்கும் பழைய சிஸ்டங்கள் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. வாங்கும்போது ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல, அந்த ஆபீஸ் சர்வரிடம் 180 நாளுக்குள் ஒரு முறையாவது பேசியாக வேண்டிய கே.எம்.எஸ். வகை. உங்கள் வீட்டில் அந்தச் சர்வர் ஏது? எரர் கோடு எஃப்074 என்று முடிந்தால் இதுதான் விஷயம். எஃப்213 என்று முடிந்தால், மெஷினில் கீ எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மலிவு விலைக் கீகளிலும் பல, இப்படி நிறுவனங்களுக்குக் கொடுத்தவை கைமாறி வருபவைதான். மைக்ரோசாஃப்ட் முடக்கும்வரை ஓடும்.

மதர்போர்டு மாற்றினாலும் ஆக்டிவேஷன் போகும். வாரன்டியில் மாற்றுகிறவர்களிடம், புதுப் போர்டில் கீயை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் வந்துவிட்டு அப்புறம் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கேபினெட்டில் ஒட்டிய விண்டோஸ் 7 ஸ்டிக்கரைக் காட்டி, "முன்ன இந்த நம்பர்லயே விண்டோஸ் பத்து போட்டுக் குடுத்தீங்களே சார்" என்கிறார்கள். உண்மைதான், போட்டோம். 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தும் ஆகவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வருடன் பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் இதற்காக இரண்டு முறை ஃபார்மேட் போட்டிருந்தார். பேட்டரி மாற்றினேன், வேலை முடிந்தது. வைஃபையை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேரே ஏறாத மெஷினாக இருந்தால் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து நெட் கொடுங்கள்.

ஆக்டிவேட் ஆகாவிட்டாலும் மெஷின் நின்றுவிடாது. செட்டிங்ஸில் வால்பேப்பரும் நிறமும் மாற்ற முடியாது, அந்த எழுத்து நிற்கும், அவ்வளவுதான். அதைப் போக்குவதற்காக ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லும் எதையும் ஓட்டாதீர்கள். நெட் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் மட்டும் என்றால் லினக்ஸ் போதும். அதில் ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. டேலி ஓட்டுகிறவர்களிடம் மட்டும் இதைச் சொல்லிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது பையன் கேட்டான், "அப்போ அந்த நானூறு ரூபா, அண்ணே?"

விற்றவருக்கு மெசேஜ் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அங்கேயே நின்று போட்டான். ஒரு டிக் மட்டும் விழுந்தது.