நாலு பேர் ஏறி நின்றால் ஸ்டாண்ட் பாஸ் ஆகிவிடாது

மீன்தொட்டி ஒட்டிக் கொடுப்பது என் வேலை. இந்த மாதத்தில் உடைந்த தொட்டிகளில் இது மூன்றாவது. மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி, மூன்றாவது தளம். ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு போன். "அண்ணா, நீங்க ஒட்டிக் கொடுத்த டேங்க் கிராக் விட்டுருச்சு." அந்த 'நீங்க ஒட்டிக் கொடுத்த' என்பதில் ஓர் அழுத்தம் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வாசற்படி தாண்டி லிஃப்ட் வரை போய்விட்டது. இரண்டு ஆஸ்கர் மீன்கள் குளியலறை பக்கெட்டில். கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று என்னையே முறைத்தார், ஏதோ நான்தான் மேலே இருந்து ஊற்றியதுபோல.

மறுநாள் காலையில் தொட்டியைத் தூக்கி இறக்கினோம். நான் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் அடியில் விரித்திருந்த தெர்மாகோலைத்தான் பார்ப்பேன். மூன்று மூலைகளில் அது தோசைபோல் அமுங்கிக் கிடந்தது. வலது பின்மூலையில் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த கனத்திலேயே புசுபுசுவென்று இருந்தது. அந்த மூலையில் ஸ்டாண்ட் கீழே இறங்கியிருக்கிறது. நாலடித் தொட்டி எத்தனை நாளாகவோ மூன்று மூலையில் நின்றிருக்கிறது. ஒட்டு அப்படியே இருந்தது. விரிசல் அடிக்கண்ணாடியில்.

ஸ்டாண்ட் செய்தது வீட்டுக்காரரேதான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அழகாகத்தான் செய்திருந்தார், சன்மைக்கா எல்லாம் ஒட்டி. "நாலு பேர் ஏறி நின்னு பார்த்தோம் அண்ணா, அசையவே இல்ல" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு கணக்கு போடுவோம். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினாலும் 310 கிலோ தண்ணீர். 10 மி.மீ. கண்ணாடி 65 கிலோ வரும். அடியில் போடும் கல் ஒரு 30, 35 கிலோ. மொத்தம் 400 கிலோவைத் தாண்டுகிறது, அதாவது நிறைந்த தண்ணீர் கேன் இருபது. நாலு பேர் சேர்ந்தால் 280 கிலோ இருப்பீர்களா? பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் 300.

சரி, ஆறு பேர் ஏறினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது சோதனை இல்லை. நீங்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிட்டீர்கள். தண்ணீர் வருடக்கணக்கில் இறங்காது. விடாமல் பாரம் இருந்தால் மரம் மெல்ல மெல்லத் தொய்யும், ஸ்க்ரூ ஓட்டைகள் நீளும். தண்ணீர் மாற்றும்போது சிந்துவது, சென்னைக் காற்றின் ஈரம் எல்லாம் கூடச் சேரும். அப்புறம் இன்னொன்று: பலகை ஒரு பக்கம் 3 மி.மீ. இறங்கினால் உங்கள் பாதம் தானாகச் சரிசெய்துகொள்ளும், உங்களுக்கே தெரியாது. கண்ணாடிக்கு அந்த வித்தை தெரியாது.

தெர்மாகோல் இருக்கிறதே என்பார்கள். அது மணல் துகளுக்கும் சின்ன மேடு பள்ளத்துக்கும்தான். கோணலான ஸ்டாண்டை அது நிமிர்த்தாது.

அந்த ஸ்டாண்டில் கால்களை மேல்சட்டத்தின் பக்கவாட்டில் வைத்து ஸ்க்ரூ அடித்திருந்தார். முழுப் பாரமும் மூலைக்கு இரண்டு ஸ்க்ரூவில் தொங்கியது. சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும், மரத்தின் மேல் மரம். ஸ்க்ரூ விலகாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். முதுகில் ஒரு முழு ப்ளைவுட் அடித்துவிடுங்கள், பக்கவாட்டு ஆட்டம் நிற்கும். பழைய டிவி ஷோகேஸ், பார்ட்டிகிள் போர்டு எதுவும் வேண்டாம். ஈரம் பட்டால் பொரி மாதிரி ஊதிவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட் வாங்குங்கள், அதற்கும் வெட்டிய விளிம்புகளில் வார்னிஷ் அடிக்க வேண்டும்.

இரும்பு என்றால் பட்டறையிலேயே, பெயின்ட் அடிப்பதற்கு முன், எதிரெதிர் மூலைக்குக் குறுக்காக இரண்டு நூல் பிடித்துப் பாருங்கள். வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்வது சகஜம். நூல்கள் நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும். இடைவெளி விட்டாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ திருப்பிக் கொடுங்கள். மேலே வெல்டிங் மொட்டு இருந்தால் கிரைண்டர் போடச் சொல்லுங்கள், "அது ஒண்ணும் ஆகாது சார்" என்றாலும் விடாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்று. துரு தடுக்க அடிக்கும் ரெட் ஆக்சைடில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நம் வீட்டு டைல்ஸ் தரை பால்கனிப் பக்கம் வாட்டமாகத்தான் இருக்கும். அதனால் முதலில் இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீர் ஊற்றி, நாலு மூலையிலும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தண்ணீரை எடுத்துவிட்டு ஸ்டாண்டின் காலுக்கு அடியில் பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள். காலுக்கு அடியில், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் இல்லை. தினசரி காலண்டர் அட்டையை மடித்து வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நனைந்தால் அது கூழ்.

ஸ்டாண்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள், உயரத்தில் திருகி மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்கும் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும்முன் சுவிட்சை அணையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடு, தயவுசெய்து மின்கசிவு வந்தால் கரண்டை உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் தொட்டி வாங்கினாலும் சரி, என்னிடம் ஒட்டினாலும் சரி, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஸ்டாண்டை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், காசு கேட்கமாட்டேன். முன்பக்கம் வேண்டாம். கீழே படுத்து, கால் சட்டத்தைத் தொடுகிற இடம் தெரிகிற மாதிரி.