அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள்

கறுத்துப்போன பழைய வெள்ளிக் காசு கிடைத்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது, விபூதி போட்டுத் தேய்ப்பது. இல்லையென்றால் புளி, பற்பசை. நாணயங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, இப்படிப் பளபளவென்று வந்துசேரும் ரோமானியக் காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகள்தான் அதிகம். அகஸ்டஸ் கி.மு. 2 முதல் வெளியிட்ட ஒரு வகையைப் பாருங்கள். ஒரு பக்கம் இலைமாலை சூடிய அவர் தலை. மறுபக்கம் காயஸ், லூசியஸ் என்ற இரு இளைஞர்கள், நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். மகள் வயிற்றுப் பேரன்களை அகஸ்டஸ் மகன்களாகத் தத்தெடுத்திருந்தார். அடுத்து ஆளப்போவது இவர்கள்தான் என்று ஊருலகத்துக்கு அறிவித்த காசு இது. இருவருக்கும் நடுவே, மேலே, ஒரு சின்னக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். கரண்டி பலிபூசையில் மது வார்ப்பது, காயஸ் பூசாரிகள் குழுவில் இருந்ததன் அடையாளம். கோல், பறவைகளைப் பார்த்து நிமித்தம் சொல்பவர்களுடையது. லூசியஸ் அந்தக் குழுவில் இருந்தார். ஆனால் லூசியஸ் கி.பி. 2-லும் காயஸ் கி.பி. 4-லும் இறந்துபோக, பட்டம் டைபீரியஸுக்குப் போனது. அவர் காசில் செங்கோலும் கிளையும் ஏந்திய பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். அவர் தாய் லிவியா என்று பலரும் கருதுகிறார்கள்.

தேய்க்கும்போது முதலில் அழிவது அந்தக் கரண்டியும் கோலும்தான். எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பதை வைத்துத்தான் இந்தக் காசின் உட்பிரிவுகளையே பிரிக்கிறோம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான படலம். அதைச் சுரண்டினால் வெள்ளியும் சேர்ந்து போகும். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும், அழுத்தினால் விரிசல் விடும். செம்பின் மேல் வெள்ளி பூசிய அக்காலப் போலிகளும் உண்டு. பூச்சு போனதும் 'டூப்ளிகேட்' என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதுவும் வரலாற்றுச் சான்றுதான்.

சரி, கிடைத்தால் என்ன செய்வது? கழுவாமல், மண்ணோடு அப்படியே காகிதத்தில் மடித்து வையுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். பானையில் கிடைத்திருந்தால் உடைந்த ஓடுகளையும் சேர்த்தே ஒப்படையுங்கள்.